அப்பா பேரில் இருந்த கார்டு

எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். எது முதலில் வந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குக் குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு என்னை ஏற்றிவந்த ஆட்டோக்காரரிடம் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவர் பாவம், சீசன் கூட்டத்துக்குள் வண்டியை எப்படி ஓட்ட முடியுமோ அப்படித்தான் ஓட்டினார். தப்புச் செய்தவள் நான். அதுவும் பெரிய வேலையெல்லாம் இல்லை. காலையில் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றி எழுதியிருந்தேன்.

சென்னையில் சில வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முட்டுவலி முற்றியதும் தென்காசிக்கே திரும்பி வந்தவள் நான். மாடியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி. வெளியூர்க்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பது சோற்றுக்கு. உள்ளூரில் ஒரு நர்சிங் ஹோமுக்கு நோயாளிகள் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தது என் பெருமைக்கு. சின்ன இடம்தான். கீழே வரவேற்பும் டாக்டரம்மாவின் அறையும், மாடியில் தியேட்டரும் வார்டும். பழைய காகிதக் கார்டுகளை இரண்டு பெண்களை வைத்து ஆறு மாதம் தட்டச்சு செய்து ஏற்றினோம். பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் முழுக்க முழுக்க நானே எழுதிய மென்பொருள். யாராவது அதைக் குறை சொன்னால் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும்.

அங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர் பெரிய சிஸ்டர். டாக்டரம்மாவே அவர் சொன்னால் கேட்பார். மென்பொருள் எழுத ஆரம்பித்த நாளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பழைய கார்டின் மேல்மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைக் காட்டினார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சிவப்பில் எழுதுவது அங்கே வழக்கம்.

"மத்ததுல நீ என்ன வேணாலும் பண்ணு. இந்தக் கட்டத்துல மட்டும் தப்பு வந்துரப்பிடாது. ஒத்துக்கிடாத ஊசியப் போட்டா அஞ்சு நிமிசத்துல தொண்டை அடச்சுரும். பொறவு நாம ஒண்ணும் செய்ய முடியாது."

நானும் ரொம்பப் பொறுப்பாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு கார்டு என்று வைத்துவிட முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பெயருக்கு முன் அப்பாவின் இனிஷியல், அப்புறம் புருஷனின் இனிஷியல். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வரும்போது மாமியாரோ நாத்தனாரோ கூடவே வந்து நிற்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு, இவள் அப்பா பேரில் கார்டு இருக்கிறது, அதை எடுங்கள் என்று சொல்ல அம்மாக்காரிக்கு வாய் வராது. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று, புதுசாகவே போட்டுவிடுங்கள் என்பார்கள். அப்படி ஒரே பெண் பதிவேட்டில் இரண்டு ஆளாக உட்கார்ந்திருப்பாள்.

இதற்கு நான் ஒரு வழி செய்திருந்தேன். நிரலில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு ஆப்ஜெக்ட், ஒரு பெட்டி மாதிரி. அதற்குள் 'பழைய கார்டு' என்று ஒரு பிராப்பர்ட்டி, பெட்டிக்குள் ஒரு அறை. பழைய கார்டுக்குள் நோய் வரலாறு. வரலாற்றுக்குள் அலர்ஜி. வரவேற்பில் இருக்கும் பெண் புதுக் கார்டு போடும்போது ஒரு பட்டனை அழுத்தி, பழையதைத் தேடி இணைத்துவிட வேண்டும். கூட்டம் இல்லாத நாளில் அவள் அழுத்துவாள். கூட்டமாக இருந்தால் மறந்துபோவாள். அவளையும் குறை சொல்ல முடியாது, ஒரு கையில் போன், ஒரு கையில் சில்லறை.

இணைக்காமல் விட்டால் என்ன ஆகும்? நிரல் பழைய கார்டைத் தேடிப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததற்குள் போய் வரலாறு எங்கே என்று கேட்கும். பிஎச்பிக்கு எரிச்சல் வந்து, ஒன்றுமில்லாததற்குள் எதைப் படிக்கப் பார்க்கிறாய் என்கிற மாதிரி இரண்டு வரி இங்கிலீஷை நோயாளியின் பக்கத்துக்கு மேலேயே கொட்டிவிடும். அலர்ஜிக் கட்டம் வெறுமையாக நிற்கும்.

அந்த இரண்டு வரிதான் பெரிய சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார்.

"ஏட்டி, ஒன் கம்ப்யூட்டர் என்னமோ இங்கிலீஷ்ல ஏசுது. பேஷண்ட் கூட வந்தவுக எல்லாம் எட்டி எட்டிப் பாக்காவ. மானம் போவுது. நாளைக்குக் காலையில வந்து சரி பண்ணு."

மறுநாள் எனக்குக் குற்றாலம் போக வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து அண்ணனும் மதினியும் சீசனுக்காக வந்திருந்தார்கள். பத்து மணிக்குக் கிளம்பாவிட்டால் அருவிக்கரையில் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்று அண்ணன் முந்தின நாளிலிருந்தே கத்திக்கொண்டிருந்தான். ஒன்பது மணிக்கு ஓடி வந்து வரவேற்பில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

எனக்கு எதிரே பெஞ்சில் நிறைமாதமாக ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். பதினொரு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். ஒரு பக்கம் மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அச்சன்புதூரிலிருந்து வந்திருந்த அம்மாக்காரிக்கு உட்கார முடியவில்லை, பயம். என் மேஜைப் பக்கம் வந்து நின்றுகொண்டு, சம்பந்தியம்மாளுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார்.

"இவளுக்கு இங்கன முன்னாலயே ஒரு கார்டு உண்டும்மா. அவ அப்பா பேருல. காலேஜ் படிக்கையில கை ஒடிஞ்சு கூட்டிட்டு வந்தோம். வலிக்கு ஒரு ஊசி போட்டாவ, மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சே விட முடியல. ரெண்டு நாள் வச்சிருந்துதான் அனுப்புனாவ. அந்தக் கார்டு வேணுமாம்மா?"

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் அதற்குள் இரண்டு தடவை போன் செய்திருந்தான்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கும்மா. அது பாத்துக்கிடும். நீங்க பயப்படாம உக்காருங்க" என்றேன்.

அவர் சரி என்று போய் உட்கார்ந்தார்.

ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்டாக ஆழத்தில் இருக்கும் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று பார்க்க பிஎச்பியில் பல வழி உண்டு. பழைய கார்டு இருக்கிறதா, இருந்தால் அதற்குள் வரலாறு இருக்கிறதா, அதற்குள் அலர்ஜி இருக்கிறதா என்று படிப்படியாகக் கேட்கலாம். அது நாலைந்து வரி. அப்படி எழுத எனக்குப் பொறுமை இல்லை. 'இஸ்ஸெட்' என்று ஒன்று இருக்கிறது, முழுச் சங்கிலியையும் ஒரே மூச்சில் பார்த்து, நடுவில் எது விட்டுப்போயிருந்தாலும் சத்தம் போடாமல் இல்லை என்று சொல்லிவிடும். அதையே இன்னும் சுருக்கமாக இரண்டு கேள்விக்குறியில் எழுதலாம். சங்கிலி முழுசாக இருந்தால் கடைசியில் இருப்பதைக் கொடு, எங்காவது அறுந்திருந்தால் நான் வலப்பக்கம் எழுதியிருப்பதைக் கொடு என்று அர்த்தம்.

வலப்பக்கம் என்ன எழுதுவது? ஒன்றும் எழுதாமல் விட்டால் கட்டம் வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் சிஸ்டர் மறுபடியும் போன் செய்வார். அதனால் இப்படி எழுதினேன்:

$patient->previous->history->allergy ?? 'இல்லை'

சேமித்தேன். எதிரே இருந்த பெண்ணின் பக்கத்தைத் திறந்தால் இங்கிலீஷ் போயிருந்தது. கட்டம் 'இல்லை' என்று அழகாக நிரம்பியிருந்தது. பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் பாக்க லெட்சணமா இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரவேற்புப் பெண் அதே பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மாடிக்கு அனுப்பியதைக்கூடப் பார்த்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

குற்றாலத்தில் நல்ல சாரல். காரை எங்கேயோ தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. நனைந்துவிடும் என்று மூன்று பேர் போனையும் காருக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அண்ணன் இடுப்பில் முடிந்துகொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டான். நானும் மதினியும் மெயின் அருவியில் பெண்கள் வரிசையில் நின்றோம். வரிசை நகரவே இல்லை. முன்னால் போனவர்கள் தண்ணீரை விட்டு வர மனமில்லாமல் நின்றார்கள், பெண் போலீஸ் விசிலை ஊதி ஊதிக் களைத்திருந்தார்.

ஒரு வழியாகத் தண்ணீருக்கடியில் போய், மொத்து மொத்தென்று தலையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மதினிக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னொரு தடவை போகலாம் என்று மறுபடியும் வரிசையில் நின்றார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே ஏதேதோ பேசினார். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் அவருடைய சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"டிகிரியில எங்க அப்பா இனிஷியல் இருக்கு, ஆதார்ல உங்க அண்ணன் இனிஷியல் இருக்கு. அவங்களுக்கு நான் ரெண்டு ஆளாம். முதல் ஆளு எங்கேன்னு கேக்காங்க. நான் எங்கன போய்த் தேட?"

சிரித்தார். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் மேஜைப் பக்கம் வந்து நின்ற அந்த அச்சன்புதூர் அம்மாள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. காலையில் என் முன்னால் நின்று சொல்லியிருக்கிறார், விழுந்தது இப்போது. அப்பா பேரில் கார்டு. ஊசி. மூஞ்சி வீங்கி மூச்சு விட முடியவில்லை.

வீட்டுக்குள் அறை, அறைக்குள் பீரோ, பீரோவுக்குள் ஒரு டப்பா. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் காலி என்று சொல்வது ஒன்று. அந்த வீட்டுக்கே போகாமல் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து காலி என்று சொல்வது இன்னொன்று. நான் எழுதிய வரிக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் 'இல்லை' என்றுதான் சொல்லும். முன்பு இங்கிலீஷில் ஏசிக்கொண்டிருந்தபோது கட்டமாவது வெறுமையாக இருந்தது. வெறுமையைப் பார்த்தால் சிஸ்டர் வாயைத் திறந்து கேட்டுவிடுவார். கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி நான் சரி பண்ணிவிட்டேன்.

ஆபரேஷன் பதினொரு மணிக்கு. முதுகில் போட்ட மரத்துப்போகும் ஊசி இரண்டு மூன்று மணி நேரத்தில் விட ஆரம்பிக்கும். விட்டதும் வலி வரும். வலி வந்ததும் வலி ஊசி போடுவார்கள். அங்கே எல்லாருக்கும் போடும் அதே ஊசி. மருந்துப் பட்டியலை ஏற்றியதே நான்தான், எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ஒருத்தரிடம் மணி கேட்டேன். ஒன்றரை தாண்டியிருந்தது.

சாரல் குளிரா பயமா தெரியவில்லை, பல் கிட்டித்துக்கொண்டது.

"மதினி, எனக்கு இப்பவே போன் வேணும்."

"சாவி உங்க அண்ணன்கிட்டல்லா இருக்கு. அவுக இப்போதைக்கு வெளிய வரமாட்டாக. என்ன ஆச்சு, ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

ஒரு ஆளுக்குத் தப்பான ஊசி போடப் போறாங்க, நான் போகணும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். ஆண்கள் பக்கம் பார்த்தால் தண்ணீருக்கடியில் நூற்றுக்கணக்கான தலை. எல்லாத் தலையும் கறுப்பு, எல்லா உடம்பிலும் துண்டு. அண்ணனைப் பெயர் சொல்லிக் கத்தினேன். அருவிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைவீதியில் நேந்திரம் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் போனைக் கேட்டேன். என் கோலத்தைப் பார்த்து மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு ஒரு நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது என்பது உறைத்தது. பெரிய சிஸ்டர் நம்பர் தெரியாது. டாக்டரம்மா நம்பர் தெரியாது. நர்சிங் ஹோமின் இணையப் பக்கத்தைத் தேடி, நானே செய்து கொடுத்த பக்கம், அதிலிருந்த நம்பருக்கு அடித்தேன். வேறு அழைப்பில் இருந்தது. மறுபடியும் அடித்தேன். வேறு அழைப்பில்தான் இருந்தது. மூன்றாவது தடவை மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வரவேற்புப் பெண் சாப்பிடப் போகிற நேரம்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்ற ஆட்டோவில் ஏறினேன். நனைந்த சுடிதார், காலில் செருப்பு இல்லை, கையில் பையும் இல்லை. ஆட்டோக்கார அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணாச்சி. சீக்கிரம்."

"போவோம்மா. முன்னால பாருங்க, வண்டி எப்படி நிக்குன்னு."

மேலகரம் வரைக்கும் கார்கள் ஒன்றின் முதுகில் ஒன்று. கேரளாக்காரர்களின் வேன்கள், ஜன்னல் வழியே ஈரத் துண்டுகள். நான் அவரைத் திட்டினேன். சந்தில் விடச் சொன்னேன், எதிர்ப்பக்கம் ஏறச் சொன்னேன், உங்களுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"யாரும்மா ஆஸ்பத்திரியில? அம்மாவா?"

"தெரியாது அண்ணாச்சி. யாருன்னே எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு அவர் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு ஓட்டினார்.

எனக்குச் சாமி கும்பிடத் தெரியாது. வழியில் கோயில் கோபுரம் தெரிந்தபோது, ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட என் நினைவில் இல்லை. அவள் முகத்தையே நான் சரியாகப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது ஏன் என்று யாருக்குமே தெரியாது என்று ஒரு எண்ணம் வந்தது. தாளில் 'இல்லை' என்று இருக்கிறது, சிஸ்டர் பார்த்துத்தான் போட்டிருக்கிறார், ஆபரேஷனில் ஏதோ ஆகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நினைத்ததும் பயம் இரண்டு மடங்கானது, ஏனென்றால் அந்த எண்ணத்தில் ஒரு சின்ன ஆறுதலும் கலந்திருந்தது. என்னை நானே அப்படி அருவருத்ததில்லை.

நர்சிங் ஹோம் வாசலில் இருந்த காவலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தார். "அருவியில வழுக்கி விழுந்துட்டியளா? இருங்க, வீல் சேர் எடுக்கேன்" என்றார். ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அவரைத் தாண்டி மாடிக்கு ஓடினேன்.

வார்டில் அவள் மூன்றாவது கட்டிலில் கிடந்தாள், தலைமாட்டில் காலையில் மாமியார் மடியில் இருந்த அதே பை. கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் தொட்டில் காலியாக இருந்தது, அம்மாவையும் மாமியாரையும் காணவில்லை. கட்டிலுக்கு அருகே இருந்த சின்ன மேஜையில் ஒரு தட்டு. தட்டில் பஞ்சு, உடைத்த மருந்துக் குப்பி, மருந்து தீர்ந்த ஒரு ஊசி.

என் கால் அதோடு நின்றுவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு தடித்திருந்தது. கண்ணிமை உப்பியிருந்தது. கன்னம் ஊதியிருந்தது. ஆனால் அது ஊசியால் வந்த வீக்கமா, பிள்ளைத்தாய்ச்சிக்கு இருக்கிற வழக்கமான வீக்கமா, இல்லை அவள் முகமே அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் நிமிர்ந்து ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூச்சு வருகிறதா என்று போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றேன். போர்வை ஏறியது. இறங்கியது. அடுத்த தடவை ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை. குப்பியை எடுத்துப் பெயரைப் படிக்கப் பார்த்தேன், கண்ணில் இறங்கிய தண்ணீரில் எழுத்து கலங்கியது. என் தலைமுடியிலிருந்து தண்ணீர் அவள் கட்டில்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, நீ இங்கன என்ன செய்யுத?"

பெரிய சிஸ்டர் வாசலில் நின்றார். அவர் கையில் இன்னொரு ஊசி இருந்தது, மருந்து நிறைந்து.

"சிஸ்டர், இந்தத் தட்டுல இருக்கது?"

"அது பக்கத்துக் கட்டிலுக்குப் போட்ட மருந்து. இவளுக்கு இப்பத்தான் கொண்டாரேன். வலி தொடங்கிட்டுன்னு முனங்குதா."

"போடாதிய. அது அவளுக்கு ஒத்துக்கிடாது."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லைன்னுல்லா போட்டிருக்கு. காலையில நீதான சரி பண்ணிட்டுப் போன?"

"ஆமா சிஸ்டர். அதனாலதான்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை எழுப்பிக் கீழே கூட்டிப் போனார். தாளில் இருந்த அவள் பெயரில் புருஷன் இனிஷியலை எடுத்துவிட்டு, ஊர் அச்சன்புதூர் என்று போட்டுத் தேடினேன். அப்பா இனிஷியலோடு ஒரே நொடியில் வந்தது. கார்டு, கார்டுக்குள் வரலாறு, வரலாற்றுக்குள் அலர்ஜி. வலி ஊசியின் பெயர், முகம் வீக்கம், மூச்சுத் திணறல். எல்லாம் பத்திரமாக உள்ளேயே இருந்தது, யாரும் போய்த் திறந்து பார்க்கவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் படித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காலையில இருந்து இந்தப் பக்கத்தை எத்தனை பேருக்குத் திறந்தோம்?"

ஒன்பது பேர். ஒவ்வொருவராகப் பழைய பதிவைத் தேடி, கார்டு இல்லாதவர்களிடம் சிஸ்டரே நேரில் போய்க் கேட்டு வந்தார். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. அது முடிகிறவரை நான் நாற்காலி நுனியில் இருந்தேன். பிறகு காலையில் சோம்பல்பட்டு எழுதாமல் விட்ட அந்த நாலைந்து வரிகளை எழுதினேன். பழைய கார்டு இணைக்கப்படவில்லை என்றால் அதைச் சொல்லும். கார்டு இருந்தும் அலர்ஜி பற்றி யாரும் கேட்டு எழுதவில்லை என்றால் அதையும் சொல்லும். கேட்டு, இல்லை என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும்தான் 'இல்லை' என்று காட்டும். சிஸ்டர் பின்னால் நின்று, "இங்கிலீஷ்ல ஏசினாலும் பரவாயில்ல" என்றார்.

மாடிக்குப் போனபோது குழந்தைக்கு எடை பார்த்து எடுத்து வந்திருந்தார்கள். பெண் குழந்தை. மாமியார் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாக்காரி மகளின் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தார். என் ஈரத் துணியையும் வெறுங்காலையும் பார்த்து, உட்காரச் சொல்லி, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. தானே சொல்லிவிடுகிறேன் என்று சிஸ்டர் சொன்னார், வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

அம்மா, அந்த வலி ஊசி விஷயத்தை மேலே வந்த பிறகு சிஸ்டரிடம் நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கோபம்போல ஒன்று குரலில் வந்துவிட்டது.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள இங்கன இருந்த ஒரு சின்ன சிஸ்டர் தாளப் பாத்து வாசிச்சா, ஒத்துக்கிடாத மருந்து இல்லைன்னு. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா. இத்தன வருசம் இவள எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுல்லா இருந்தேன். சரி, கல்யாணம் ஆன பொறவு எப்படியோ சரியாயிட்டு போல, கம்ப்யூட்டரே சொல்லிட்டுன்னு நெனச்சேன். இவகிட்டயும் சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் தியேட்டருக்குள்ள போனா."

நான் துண்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"இல்லம்மா. சரியாகல. அது அப்படியேதான் இருக்கு. இல்லைன்னு எழுதினது நான். தெரியாம எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. தூங்குகிற மகளைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். காலையில் மேஜைப் பக்கம் வந்து நின்றபோது இருந்த அதே பயம் அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தது நான்.

"அப்ப இனிமேலும் எங்க போனாலும் நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கணும், இல்லையாம்மா?"

"ஆமாம்மா" என்றேன். "யாரு என்ன சொன்னாலும், நான் சொன்னாலும், நீங்க சொல்லிக்கிட்டே இருங்க."